தெங்கா முதல் கிராஞ்சி வரை ஒரே வட்டாரமாகப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், இளம் தம்பதிகள் வீட்டுக்காகக் காத்துக்கிடக்கும்போது குருவிக்கும் குரங்குக்கும் காடு எதற்கு என்ற தொனியில் எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மகளும் மருமகனும் புதுநகரான தெங்காவில், விண்ணப்பம் போட்ட பிறகே கட்டித்தரும் பிடிஓ அரசாங்க வீடு எடுத்துக் குடிபோனவர்கள்தான், சாவி கைக்கு வரும்வரை என் வீட்டில் ஓர் அறையில்தான் ஒண்டிக்கொண்டு இருந்தார்கள், அந்த நெருக்கடி என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த விஷயத்தைக் காடா வீடா என்று பட்டிமன்றம் போல இரண்டு அணியாகப் பிரிந்து பேசுவதால் கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. பட்டிமன்ற நடுவருக்கு என்ன, கடைசியில் இரண்டும் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நிலத்தில் அப்படி முடியாது. யாராவது ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டாக வேண்டும். அந்தக் கோட்டை எப்போது போடுகிறார்கள், எவ்வளவு பெரிய பரப்பைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலில் கணக்கு. சுதந்திரம் அடைந்தபோது நம் சிங்கப்பூரின் நிலப்பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர். கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730-ஐத் தாண்டிவிட்டோம். மக்கள்தொகை 60 லட்சத்துக்கும் மேல். இந்த இடத்துக்குள்தான் விமான நிலையம், துறைமுகம், ராணுவப் பயிற்சி, நீர்த்தேக்கம், தொழிற்சாலை, இடுகாடு, கோயில், பள்ளி, அப்புறம் நாம் எல்லாரும். 2013-ல் தேசிய வளர்ச்சி அமைச்சு ஒரு நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை வெளியிட்டது. அதில் 2010 நிலவரப்படி எதற்கு எவ்வளவு நிலம் என்று ஒரு பட்டியல் இருந்தது. வீடுகளுக்கு 14 விழுக்காடு. சாலை, ரயில் போன்ற தரைப் போக்குவரத்துக்கு 12 விழுக்காடு. தற்காப்புக்கு 19. பூங்காக்கள், இயற்கை வனப்பகுதிகள் எல்லாம் சேர்த்து 8. நாம் குடியிருக்கும் இடமும் நம் வண்டிகள் ஓடும் இடமும் ஏறக்குறைய சமம் என்று காப்பிக்கடையில் நண்பர்களிடம் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை, ஒருவர் அப்போதே கைப்பேசியை எடுத்துத் தேடிப் பார்த்தார். ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டுக்கு நிலம் வேண்டும் என்றதும் நம் கண் உடனே காட்டுப் பக்கம்தான் போகிறது, மற்ற பக்கம் போவதில்லை. கோல்ஃப் திடல்கள் எல்லாம் சேர்த்து சுமார் 1,500 ஹெக்டர், நாட்டின் நிலத்தில் 2 விழுக்காடு என்று சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்தும் வருகிறார்கள். அதை மறுக்கவில்லை.

சரி, கோடு போடும் கதைக்கு வருகிறேன். நமக்கு இரண்டு அடுக்குத் திட்டம் இருக்கிறது. ஒன்று நீண்டகாலத் திட்டம், 1971-ல் முதன்முதலாகப் போட்டது, நாற்பது ஐம்பது ஆண்டுகளை மனத்தில் வைத்துப் பெருங்கோடுகளாக வரைவது. எம்ஆர்டி, விரைவுச்சாலைகள், சாங்கி விமான நிலையம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இன்னொன்று பெருந்திட்டம். இது சட்டப்படியானது, ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு செய்யப்படுவது, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து இன்ன பயன்பாடு, இவ்வளவு அடர்த்தி என்று குறித்துவைப்பது. 2025 ஜூனில்கூட நகர மறுசீரமைப்பு ஆணையம் வரைவு ஒன்றை வெளியிட்டு மேக்ஸ்வெல் சாலைக் கட்டடத்தில் கண்காட்சி வைத்திருந்தது. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மாதிரியுருக்களைப் பார்த்தால் சொக்கிப்போய்விடுவோம், நம் புளோக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். உலகத்தில் இவ்வளவு வெளிப்படையாக அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டை வரைந்து காட்டும் நகரங்கள் அதிகம் இருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

சிக்கல் வேறு இடத்தில். அந்த நிறங்களில் பல, ரொம்பப் பழையவை. கிளமெண்டி காடு என்று 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் ஊரே படம் எடுத்துப் போட்டதே, அந்த 85 ஹெக்டர் இடம் 1998 முதலே குடியிருப்புக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. பழைய ரப்பர் தோட்டம், ஆள் விட்டுப்போனதும் தானாக வளர்ந்து காடானது. 1998-ல் அங்கே என்ன இருந்தது, இருபது ஆண்டு கழித்து என்ன இருக்கிறது என்பதெல்லாம் அந்த நிறத்துக்குத் தெரியாது. காடு வளர்ந்துகொண்டே இருக்கிறது, நிறம் அப்படியே நிற்கிறது. பிறகு ஒரு நாள் வீட்டுக்குத் தேவை வரும்போது சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கிறது, அந்த ஆய்வு பெரும்பாலும் கட்டலாமா கூடாதா என்று கேட்பதில்லை, கட்டும்போது சேதத்தை எப்படிக் குறைக்கலாம் என்றுதான் கேட்கிறது. எந்த மரத்தை வைத்துக்கொள்வது, வேலியை எங்கே போடுவது, விலங்குகளை எந்தப் பக்கமாக மெதுவாக ஓட்டிவிடுவது. பயனுள்ள ஆய்வுதான். ஆனால் கேள்வி கேட்கும் நேரம் தாண்டிப்போன பிறகு வருகிற ஆய்வு.

இது மாறிக்கொண்டும் வருகிறது, அதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் குறை சொல்லவே எழுதுகிறான் என்பீர்கள். டோவர் காடு, உலு பாண்டான் என்று சொல்வார்களே, 33 ஹெக்டர். 2021-ல் மக்கள் கருத்து குவிந்த பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் திட்டத்தை மாற்றியது. கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பக்கம் ஓர் இயற்கைப் பூங்காவுக்கு இடம், மேற்குப் பகுதியின் மீதியை ஏறக்குறைய பத்தாண்டு கழித்துப் பார்த்துக்கொள்வோம் என்று. அந்தச் சமயத்தில்தான் தேசியப் பூங்காக் கழகம் தீவு முழுவதும் பசுமைப் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புகொண்டிருக்கின்றன என்று ஆராய்வதாகவும், புக்கிட் தீமாவிலிருந்து கிளமெண்டி வழியாகத் தெற்குக் குன்றுகள் வரை போகும் ஒரு தொடர்ச்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகவும் விளக்கினார்கள். எனக்கு அந்தச் செய்தியில் பிடித்ததே இந்தப் பகுதிதான். டோவரை டோவராக மட்டும் பார்க்காமல் அது எதற்கும் எதற்கும் நடுவில் நிற்கிறது என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததும் முடிவு மாறியது. நான் கேட்பது அவ்வளவுதான், இதையே எல்லா இடத்திலும், முன்கூட்டியே, சட்டப்படி செய்யுங்கள் என்று.

குறிப்பாக வடமேற்கில். நான் சுவா சூ காங்கில் இருக்கிறேன், அதனால் இந்தப் பக்கம்தான் எனக்குத் தெரியும். வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். தெங்காவில் சுமார் 700 ஹெக்டரில் புதிய நகரம், 42,000 வீடுகள், கட்டுவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அதற்கு மேற்கே ஜூரோங் புத்தாக்க வட்டாரம், 600 ஹெக்டர், அது தொழிற்பேட்டை நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜேடிசி. தெங்கா விமானப் படைத்தளம் விரிவாகிறது, பாய லேபார் தளம் 2030களில் இடம் மாறும்போது அதன் வேலைகளில் ஒரு பகுதி இங்கே வரவேண்டும் என்பதற்காக, அது தற்காப்பு அமைச்சு. அதற்காகச் சுவா சூ காங் இடுகாட்டில் ஆயிரக்கணக்கான கல்லறைகளைத் தோண்டியெடுக்க வேண்டும் என்று 2017-லேயே அறிவித்தார்கள். லிம் சூ காங்கில் 390 ஹெக்டரில் உணவு உற்பத்தி வட்டாரம் என்று ஒரு திட்டம் போட்டார்கள், அது சிங்கப்பூர் உணவு அமைப்பு. சுங்கை காடுட்டில் வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்கா, மறுபடியும் ஜேடிசி. கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடல் 124 ஹெக்டர், 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது, 2027 மார்ச்சுக்குள் நிலம் அரசாங்கத்திடம் திரும்ப வருகிறது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. வீடு வேண்டாமா, வேலை வேண்டாமா, முட்டையும் கீரையும் கொஞ்சமாவது உள்ளூரில் விளைய வேண்டாமா. ஒவ்வொரு அமைப்பும் தன் துண்டுக்கு ஆய்வு செய்து, இங்கே பாதிப்பு மிதமானதுதான், விலங்குகள் பக்கத்துப் பசுமைப் பகுதிக்குப் போய்விடும் என்ற மாதிரி முடிவுக்கு வந்தால், அந்தப் பக்கத்துப் பசுமைப் பகுதி இன்னொரு அமைப்பின் துண்டாக இருக்கிறது, அங்கேயும் ஒரு ஆய்வு, அங்கேயும் பக்கத்துக்குப் போய்விடும். கடைசிப் பக்கம் எது? இதை ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்த்துச் சொல்லவேண்டிய பொறுப்பு யாருக்கு?

தெங்காவிலேயே ஒரு காட்டுத் தடம் வைத்திருக்கிறார்கள், மகள் வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தெரியும். 5 கிலோமீட்டர் நீளம், சுமார் 100 மீட்டர் அகலம், மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதியையும் இணைக்கும் தொடர்ச்சியில் ஒரு கண்ணி. திட்டமிட்டு முன்கூட்டியே ஒதுக்கியதைப் பாராட்டத்தான் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 50 ஹெக்டர் வருகிறது, 700-ல் 50. அளவை விட எனக்கு உறுத்துவது அகலம். காட்டுக்கு ஓரம் என்று ஒன்று உண்டு. ஓரத்தில் வெயில் அடிக்கும், காற்று பாயும், மண் காயும், கொடியும் களையும் ஏறும், இரவில் விளக்கு வெளிச்சம் விழும். நிழலும் ஈரமும் தேடும் உயிர்கள் உள்ளே நடுப்பகுதியில்தான் ஒதுங்கும். 100 மீட்டர் அகலத்தில் ஒரு பக்கத்திலிருந்து 50 மீட்டர் உள்ளே போனால் மறுபக்கத்து ஓரம் தொடங்கிவிடுகிறது. அது தடமாக வேலை செய்யலாம், வீடாக வேலை செய்வது கஷ்டம். தடம் என்றால் இரண்டு முனையிலும் போய்ச்சேர இடம் இருக்க வேண்டும். தெங்காவின் கிழக்கு எல்லைக்கு அப்பால் மத்திய வனம் வரை எத்தனை சாலை, எத்தனை புளோக் என்று இந்தப் பக்கம் பேருந்தில் போகிறவர்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியைத் தெங்கா திட்டம் மட்டும் தீர்க்க முடியாது, அது தெங்காவின் வேலையும் இல்லை. அதனால்தான் வட்டாரம் வட்டாரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

துண்டித்துவிட்டுப் பிறகு ஒட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம்மிடமே பாடம் இருக்கிறது. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டபோது புக்கிட் தீமா வனம் ஒரு பக்கமும் மத்திய வனம் மறு பக்கமுமாகப் பிரிந்துபோனது. அதை மறுபடி இணைக்க விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில், குறுகிய இடத்தில் 50 மீட்டர் அகலத்தில், மண் போட்டு மரம் நட்டு ஒரு மேம்பாலம் கட்டினோம். அது முடிந்தது 2013-ல். எறும்புத்தின்னி கூட அதில் நடந்து போனதைக் கேமரா பதிவு செய்திருக்கிறது, சந்தோஷம்தான். நடுவில் கால் நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டதே. அந்தக் காலத்தில் சாலையைக் கடக்கப்போய் அடிபட்டவற்றை விடுங்கள், இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சிக்கிக்கொண்ட சிறு கூட்டங்கள் தங்களுக்குள்ளேயே இனம்பெருக்கி வலுவிழந்துபோகும் என்பதுதான் பெரிய நஷ்டம். மரத்தின் உச்சியிலேயே வாழும், இலை தின்னும் ராஃபிள்ஸ் குரங்கு என்று ஒன்று மத்திய வனத்தில் இருக்கிறது, நாடு முழுக்க நூற்றுக்கும் குறைவு, பழைய அப்பர் தாம்சன் சாலையைக் கடக்க அதற்குக் கயிற்றுப் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். இது கேட்க அழகாக இருக்கும், ஆனால் கயிறு கட்டும் நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதானே திட்டமிடல்.

இன்னொரு பக்கம், குறுக்குத் தீவு ரயில் பாதை. 2013-ல் அறிவித்தார்கள், மத்திய வனத்துக்கு அடியில் போவதா சுற்றிப் போவதா என்று ஆண்டுக்கணக்கில் இயற்கை ஆர்வலர்களோடு உட்கார்ந்து பேசினார்கள், ஆய்வறிக்கைகளை வெளியிட்டார்கள், கடைசியில் 2019 டிசம்பரில் நேர்வழிதான், ஆனால் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் என்று முடிவானது. சுற்றுவழிக்கு ஆறு நிமிடம் கூடுதல், இரண்டு பில்லியன் வெள்ளி கூடுதல் என்று கணக்கும் சொன்னார்கள். அந்த முடிவில் எல்லாருக்கும் உடன்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்வி கேட்கும்போது இரண்டு வழியும் உண்மையாகவே திறந்திருந்தது. வடமேற்குக்கும் அதுதான் வேண்டும். 2021-ல் சுங்கை காடுட் பக்கம் ஆய்வு முடியும் முன்பே காட்டின் ஒரு பகுதி தவறுதலாக அழிக்கப்பட்டதும், பொதுமக்கள் எடுத்த வான்வழிப் படங்கள் சமூக ஊடகத்தில் வந்த பிறகே அது ஊருக்குத் தெரிந்ததும் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நான் அதைத் தோண்டவில்லை. ஒரே வரைபடம் எல்லாருக்கும் முன்னால் இருந்தால் அப்படிப்பட்ட தவறுக்கு வாய்ப்புக் குறையும் என்று மட்டும் சொல்கிறேன்.

இதைக் கேட்டால் நடைமுறையில் முடியாது என்பார்கள். நம் சிராங்கூன் சாலையைப் பாருங்கள். 1989 ஜூலையில் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தபோது ஒரு கடைவீட்டைத் தேர்ந்தெடுத்து இது அழகு, இதை வைத்துக்கொள்வோம் என்று செய்யவில்லை. ஒரு பேட்டையையே, தெரு, ஐந்தடி நடைபாதை, பின்சந்து உட்பட, ஒன்றாகக் கோடு போட்டு அறிவித்தார்கள். சைனாடவுன், கம்போங் கிளாம் எல்லாம் அப்படித்தான். அதற்குள் ஒருவர் ஜன்னலை மாற்றுவதென்றாலும் விதிமுறை உண்டு. ஒற்றைக் கட்டடம் தனியாக நின்றால் அதற்கு உயிர் இருக்காது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. (கட்டடம் இருக்கிறது, அங்கே குடியிருந்த குடும்பங்கள் எங்கே என்று கேட்பீர்கள். அது உண்மை, அதற்குத் தனிக் கடிதம் எழுதவேண்டும்.) கடைவீட்டுக்கு 1989-லேயே கிடைத்த சிந்தனை காட்டுத் தொடர்ச்சிக்கு இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை. சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கை வனப்பகுதிகள் நான்குதான், புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடோர். மற்ற பல இடங்கள் தேவை வரும்வரை வைத்திருப்போம் என்ற நிலையில்தான் இருக்கின்றன. புலாவ் உபினின் செக் ஜாவா கூட அப்படித்தான், கடலைத் தூர்க்கும் திட்டத்தை 2001 கடைசியில் நிறுத்திவைத்தார்கள், மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்து எழுதியதால். ரத்து என்று சொல்லவில்லை, தள்ளிவைப்பு.

முழுசாகப் பார்த்ததால் தப்பித்தது ஒன்று உண்டு, பழைய மலாயா ரயில் பாதை. 2011 ஜூலை 1-ல் அந்த நிலம் மலேசியாவிடமிருந்து நம் கைக்கு வந்தபோது அதை அந்தந்தப் பேட்டைக்குத் துண்டுபோட்டுக் கொடுத்திருந்தால் இன்று ஒரு இடத்தில் கார் நிறுத்துமிடம், ஒரு இடத்தில் சாலை என்று போயிருக்கும். இயற்கைச் சங்கத்தார் முன்கூட்டியே யோசனை சொன்னார்கள், அரசாங்கமும் கேட்டது, 24 கிலோமீட்டர் ஒரே பாதையாக நிற்கிறது. அந்த ரயிலில் வேலைபார்த்த நம்மவர்கள் தண்டவாளத்து ஓரம் கும்பிட்ட முனீஸ்வரன்தான் இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறார், இதைத் தெரியாத தமிழர்கள் நிறைய.

நம்மவர்கள் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிலம் கொடுத்ததில் நாமும் குறைந்தவர்கள் இல்லை. ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் இருந்த சிவன் கோயில் எம்ஆர்டிக்காக 1983-ல் இடம்பெயர்ந்து பத்தாண்டு கழித்து கேலாங் ஈஸ்டில் குடியேறியது. பிடாடரியில் இந்து இடுகாடும் இருந்தது, அங்கே இன்று வீடுகள் நிற்கின்றன. ஃபேரர் பார்க் திடலில் வீடு வரப்போகிறது என்றபோது எங்கள் வயதுக்காரர்களுக்கு நெஞ்சு கொஞ்சம் அடைத்ததுதான், பந்து விளையாடிய இடம், 1942-ல் இந்தியப் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் நின்ற இடம். யாரும் மறியல் செய்யவில்லை. நாடு சின்னது என்று நமக்குத் தெரியும். ஆனால் காடு என்று வரும்போது நாம் வாயே திறப்பதில்லை, அது ஏதோ பைனாகுலர் மாட்டிக்கொண்டு திரியும் ஆட்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடுகிறோம். இன்று காடாக நிற்கும் இடங்களில் பல ஒரு காலத்து ரப்பர் தோட்டம், அங்கே பால்மரம் வெட்டியவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் உண்டு. என் அப்பாவும் மண்டாய்ப் பக்கம் அந்த வேலை பார்த்தவர்தான். அதற்காகக் காட்டை விட்டுவைக்கச் சொல்லவில்லை, கருத்துக் கேட்கும்போது நாமும் போய்ச் சொல்லலாமே என்கிறேன். 1992-ல் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துப் பக்கம் கோல்ஃப் திடல் போடும் திட்டம் நின்றது, ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். டோவர் மாறியது. கேட்டால் கேட்கிறார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

அப்படியானால் வீட்டுக்கு நிலம் எங்கிருந்து வரும் என்று போன வார வாசகர் கேட்பார். ஏற்கெனவே கட்டடமோ தாரோ புல்தரையோ ஆன இடங்களிலிருந்து முதலில் எடுங்கள் என்பேன். எடுக்கவும் செய்கிறார்கள். புக்கிட் தீமா பழைய பந்தயத் திடலில் 15,000 முதல் 20,000 வீடுகள், கெப்பல் கோல்ஃப் கிளப் இருந்த இடத்தில் பல ஆயிரம், பாய லேபார் தளம் போன பிறகு 800 ஹெக்டரும் அதைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு நீங்கும் இடங்களும் சேர்த்துச் சுமார் 150,000 வீடுகள். ஆனால் இதில் பொய் நம்பிக்கை கொடுக்கக்கூடாது. படைத்தளம் 2030களுக்கு முன் நகராது, இன்று விண்ணப்பம் போட்டவருக்கு அது உதவாது. பந்தயத் திடலிலும் ஓரங்களில் நல்ல மரக்கூட்டம் வளர்ந்திருக்கிறது. அதனால் சில காடுகள் போகத்தான் போகும். எது போகலாம், எது போனால் மற்றதெல்லாம் அறுந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு போகட்டும். வேகமாக வளரும் வெளிநாட்டு மரமான அல்பீசியா மட்டும் மண்டிக்கிடக்கும் ஒரு மூலைக்கும், இரண்டு வனத்துக்கு நடுவில் பாலமாக நிற்கும் ஒரு மூலைக்கும் பரப்பளவு ஒன்றாக இருக்கலாம், மதிப்பு ஒன்றல்ல. ஹெக்டர் கணக்கு மட்டும் பேசினால் இந்த வித்தியாசம் தெரியாது. 2035-க்குள் இன்னும் 1,000 ஹெக்டர் பசுமை இடம் என்று அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது, நல்ல இலக்கு, அதில் எவ்வளவு ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்றும் சொன்னால் இன்னும் நல்லது.

அரசாங்கத்திடம் நான் கேட்பது இது. தேசியப் பூங்காக் கழகத்தின் தீவு முழுவதுக்குமான ஆய்வில் வடமேற்கு வட்டாரத்துக்கு என்ன வந்திருக்கிறதோ அதை வரைபடத்தோடு முழுமையாகப் பொதுமக்களுக்குக் காட்டுங்கள், அதில் அவசியம் என்று தெரியும் தொடர்ச்சிகளைப் பெருந்திட்டத்திலேயே சாலைக்குக் கோடு போடுவதுபோல சட்டப்படியான கோடாகப் போடுங்கள். சாலைக்கு ஒதுக்கிய இடத்தில் யாரும் வீடு கட்டக் கேட்பதில்லையே. இருபது ஆண்டுக்கு மேல் கட்டாமல் கிடக்கும் குடியிருப்பு நிறத்தை ஐந்தாண்டு மறுஆய்வில் அப்படியே நகலெடுக்காமல், இன்று அங்கே என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். வட்டாரத்துக்கு ஒரே மொத்தத் தாக்க ஆய்வு, எல்லா அமைப்புகளின் திட்டங்களையும் கூட்டி. சுங்கை பூலோவைச் சுற்றி 2020-ல் அறிவித்த 400 ஹெக்டர் இயற்கைப் பூங்காக் கட்டமைப்பில் கிராஞ்சி சதுப்புநிலம், மண்டாய் சதுப்புக்காடு எல்லாவற்றையும் சேர்த்து யோசித்தீர்களே, கரையோரத்தில் முடிந்தது கரையை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கும் நிலத்தில் முடியாதா?

இதைச் சோதித்துப் பார்க்கக் கிராஞ்சி பந்தயத் திடலை விட நல்ல இடம் கிடைக்காது. ஒரு பக்கம் பழைய ரயில் பாதை, இன்னொரு பக்கம் மண்டாய் சதுப்புக்காடு, நடுவில் ஏற்கெனவே மனிதன் புல் போட்டு வைத்த 124 ஹெக்டர். அங்கே வீடும் பொழுதுபோக்கு இடங்களும் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், வரட்டும், நிறைய வரட்டும், அங்கே நெருக்கமாகக் கட்டினால் வேறு எங்கோ ஒரு காடு மிஞ்சும். ஆனால் புளோக்குகளை வரைந்துவிட்டு மிச்ச இடத்தில் தடம் தேடாமல், முதலில் தடத்தை வரைந்துவிட்டு அப்புறம் புளோக்கை வையுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டவேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள், கணக்குகளை மட்டும் விட்டுவையுங்கள். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வரைவுத் திட்டமோ சுற்றுச்சூழல் அறிக்கையோ பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, முடிந்த பிறகு செய்தி போடாமல், கருத்துச் சொல்லும் நாட்கள் முடிவதற்கு முன்பே ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த நிறம் எதற்கு, எங்கே எழுதி அனுப்புவது, எந்தத் தேதிக்குள் என்று தமிழில் போடுங்கள். சமூக மன்றத்தில் தமிழில் ஒரு விளக்கக் கூட்டம் வைக்க யாராவது முன்வந்தால் சுவா சூ காங்கில் நாற்காலி போட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுவா சூ காங்